தெரியாமல் செய்த வேலை: டாக்டர் அலிஸ்டர் மெக்கன்சி, ஒரு நிகழ்வு ஆய்வு

கலிஃபோர்னியாவில் சாந்தா குரூஸ் என்ற ஊர். அங்கே பாசட்டியெம்போ என்ற கோல்ஃப் மைதானத்தின் ஆறாவது குழிக்குப் போகும் புல்வெளியை ஒட்டி ஒரு வீடு. 1930களின் தொடக்கத்தில் அதில் குடியிருந்தவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. வாசலுக்கு வெளியே விரியும் மைதானம் அவரே வடிவமைத்தது. அந்த வீட்டுக்காரர் கிளிஃபோர்ட் ராபர்ட்ஸ் என்ற நிதித் தரகருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஜூனுக்குப் பிறகு யாரும் எனக்கு ஒரு காசுகூடக் கொடுக்கவில்லை, இருப்பதையெல்லாம் அடமானம் வைத்தாயிற்று, மனைவியின் அறுவை சிகிச்சைக்குப் பார்த்த நர்ஸுக்குக் கொடுக்கவும் வழியில்லை, ஏழைகள் விடுதிக்குப் போகாமலிருக்க ஒரு 500 டாலராவது அனுப்ப முடியுமா என்பதுதான் அதன் சாரம்.

எழுதியவர் டாக்டர் அலிஸ்டர் மெக்கன்சி. அவருக்கு வரவேண்டிய பாக்கி, இன்று ஒவ்வோர் ஏப்ரலிலும் மாஸ்டர்ஸ் போட்டி நடக்கிற ஆகஸ்டா நேஷனல் மைதானத்துக்கானது. கோல்ஃப் ஆடாதவர்களுக்கும் அந்தப் பெயர் தெரியும். ஆடாதவர்களில் நானும் ஒருவன். நிலத்தை வெட்டி மேடுபள்ளம் செய்கிற வேலை எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். அந்த வழியாகத்தான் இந்த மனிதரிடம் வந்து சேர்ந்தேன்.

எனக்கு விடை வேண்டியிருந்த கேள்விகள் இரண்டு. மருத்துவம் படித்த, சுமாராக மட்டுமே கோல்ஃப் ஆடிய ஒருவர் இந்தத் தொழிலின் உச்சிக்கு எப்படிப் போனார்? ஓர் ஊரில் சில வாரமே தங்கிவிட்டுக் கப்பல் ஏறியவரின் வேலை அங்கே நூறு ஆண்டாக எப்படி நிற்கிறது? கடன் கதையைத் தனிக் கேள்வியாக வைக்கவில்லை. முதல் இரண்டுக்கும் விடை தேடினால் அதுவும் பாதி விளங்கிவிடும் என்று தோன்றுகிறது.

குச்சி நட்டுப் போன காலம்

மெக்கன்சி வருவதற்கு முன் கோல்ஃப் மைதானம் அமைப்பது ஒரு நாள் வேலை. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் இருந்த பழைய டாம் மாரிஸ் (1821–1908) அந்தக் காலத்தின் பெரிய பெயர். ஒரு கிளப் அவரை அழைத்தால் ரயிலேறி வருவார், நிலத்தைச் சுற்றி நடப்பார், இங்கே தொடங்கு, அங்கே குழி வை என்று குச்சி நட்டுக் காட்டுவார். நாளுக்கு ஒரு பவுண்டு கூலி, அதோடு பயணச் செலவு. கடற்கரை மணல்மேட்டில் இது போதுமானதாக இருந்தது. காற்றும் ஆடுகளும் பாதி வேலையை முன்பே செய்து வைத்திருந்தன.

சிக்கல் உள்நாட்டில் வந்தது. ரயில் பாதை பரவி, நகரத்து ஆட்களுக்குக் கோல்ஃப் ஆசை பிடித்ததும், களிமண் வயலிலும் மேய்ச்சல் நிலத்திலும் மைதானம் போடத் தொடங்கினார்கள். அங்கே இயற்கையான மணல் பள்ளம் கிடையாது. ஆகவே புல்வெளிக்குக் குறுக்கே நேர்கோட்டில் அகழி வெட்டி, வெட்டிய மண்ணைக் கரைபோல முன்னால் குவித்தார்கள். இப்படி அமைக்கும் மணல் பள்ளத்துக்குப் பெயர் பங்கர். பந்து அதற்குள் விழுந்தால் எடுப்பது பாடு. குழி இருக்கும் வழவழப்பான புல்தரை கிரீன். அதையும் சதுரமாக, மேசைபோல அமைத்தார்கள். அந்தக் காலப் படங்களைப் பார்த்தால் பாத்தி கட்டிய தோட்டம் மாதிரி இருக்கும்.

இந்தத் தொழிலைப் பலகையில் வரைபடம் விரித்துச் செய்யும் தொழிலாக மாற்றியவர்களில் முதன்மையானவர் ஹாரி கோல்ட். கேம்பிரிட்ஜில் படித்த வழக்கறிஞர், 1901 முதல் சன்னிங்டேல் கிளப்பின் செயலாளர். மெக்கன்சியின் கதையில் இவர் சீக்கிரமே வந்துவிடுவார்.

போர்க்களத்தில் பார்த்தது

மெக்கன்சி பிறந்தது 1870 ஆகஸ்ட் 30, யார்க்‌ஷரில் லீட்ஸ் நகருக்குப் பக்கத்து நார்மன்டனில். அப்பா ஸ்காட்லாந்து மலைநாட்டிலிருந்து வந்த டாக்டர். மகனும் கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்தார். இங்கிலாந்தில் பிறந்திருந்தாலும் சாகும்வரை தன்னை ஸ்காட்லாந்துக்காரர் என்றே சொல்லிக்கொண்டார். அந்நாட்டுக் கட்டம் போட்ட கில்ட் உடையில் நிற்கும் அவருடைய படமும் உண்டு.

தென்னாப்பிரிக்காவில் 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரில், சாமர்செட் காலாட்படையோடு மருத்துவராகப் போனார். அவர் வாழ்க்கையைத் திருப்பியது இந்தப் போர்தான். பிரிட்டிஷாரை எதிர்த்த போயர்கள் விவசாயிகள்; எண்ணிக்கையில் குறைவு, பெரிய ராணுவப் பயிற்சி கிடையாது. ஆனால் ஒளியத் தெரிந்தவர்கள். 1899 டிசம்பரில் மாகர்ஸ்ஃபான்டீனில் நடந்ததை மட்டும் பார்த்தால் போதும். எதிரி குன்றின் உச்சியில்தான் இருப்பான் என்று நம்பிய பிரிட்டிஷ் பீரங்கிகள் உச்சியைச் சல்லடையாக்கின. போயர்களோ குன்றின் அடிவாரத்தில், கண்ணுக்குத் தெரியாத நீளமான பதுங்குகுழிகளில் காத்திருந்தார்கள். விடியற்காலையில் அணிவகுத்து வந்த ஸ்காட்லாந்துப் படைகள் அந்தத் துப்பாக்கிகளுக்கு எதிரே போய் நின்றன. அந்தச் சண்டையில் மெக்கன்சி இருந்தார் என்று நான் சொல்லவில்லை. அந்தப் போரின் பாடம் அதுதான் என்கிறேன். நிலத்தின் இயல்பான மடிப்புகளையும், கவனத்தைத் திருப்பும் போலிப் பதுங்குகுழிகளையும் போயர்கள் கையாண்ட விதத்தை அவர் கடைசிவரை பேசிக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருந்தார்.

போர் முடிந்து லீட்ஸுக்குத் திரும்பி மருத்துவம் பார்த்தார். மாலையில் கோல்ஃப். 1907இல் சிலர் சேர்ந்து ஆல்வுட்லி என்ற புதுக் கிளப்பைத் தொடங்கியபோது மெக்கன்சி அதில் ஒருவர். மைதானத்தையும் அவரே வடிவமைக்க முன்வந்தார். பெரிய கிரீன்கள், அவற்றில் அலையலையான ஏற்ற இறக்கம், கோடு தெரியாத பங்கர்கள் என்று அவர் சொல்லிக்கொண்டே போனதும் குழுவில் சிலருக்குக் கலக்கம். டாக்டர் வேலை பார்க்கிறவர், மைதானம் போட்டு அனுபவம் இல்லாதவர். யாராவது தெரிந்தவரிடம் கேட்டுவிடுவோம் என்று ஹாரி கோல்ட்டை அழைத்தார்கள்.

கோல்ட் வந்தார். அன்றிரவு மெக்கன்சியின் வீட்டிலேயே தங்கினார். மெக்கன்சி பிளாஸ்டிசின் களிமண்ணில் கிரீன்களும் பங்கர்களும் செய்து வைத்திருந்தார். குழந்தைகள் உருட்டி விளையாடுகிற அதே மெழுகுக் களிமண். எங்கே பள்ளம், எங்கே திட்டு, பந்து எங்கே உருண்டு எங்கே நிற்கும் என்பதை விரலால் அழுத்திக் காட்டும்படியான மாதிரிகள். தனக்குத் தோன்றிய அதே எண்ணங்கள் யார்க்‌ஷரில் ஒரு டாக்டர் வீட்டு மேசையில் இருப்பதைக் கோல்ட் கண்டார். இருவர் கருத்தும் ஏறக்குறைய ஒன்று என்று தெரிந்ததும் ஆல்வுட்லி குழு அடங்கிவிட்டது.

பக்கத்திலேயே மூர்டவுன் என்ற இன்னொரு கிளப் வந்தது. அங்கே அவர் செய்தது நல்ல வியாபார யுக்தி. முழு மைதானத்துக்கும் பணம் திரட்டுவதற்கு முன் ஒரே ஒரு குழியை மட்டும் கட்டிக் காட்டினார். முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து கிரீன்வரை உள்ள முழுத் தடத்தையும் கோல்ஃபில் குழி என்றே சொல்வார்கள். பாறைமேல் அமைந்ததால் அதற்கு ஜிப்ரால்டர் என்று பெயர். ஆன செலவு 35 பவுண்டு. வந்து பார்த்தவர்கள் கையைப் பையில் விட்டார்கள். 1929இல் அமெரிக்க, பிரிட்டிஷ் அணிகள் மோதிய ரைடர் கோப்பை முதன்முறையாகப் பிரிட்டனில் நடந்தபோது இடம் இதே மூர்டவுன்தான்.

ஒரு பத்திரிகைப் போட்டி, அப்புறம் ஒரு போர்

1914இல் அவர் பெயர் கடல் கடந்தது. அமெரிக்காவின் மூத்த மைதான வடிவமைப்பாளர் சார்ல்ஸ் பிளேர் மெக்டொனால்ட், நியூயார்க்குக்குப் பக்கத்து லாங் ஐலண்டில் லிடோ என்ற மைதானத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். பந்தை இரண்டு முறை அடித்துக் கிரீனை எட்டும் குழி ஒன்றை வரைந்து அனுப்புமாறு ஒரு லண்டன் பத்திரிகை போட்டி வைத்தது. நடுவர்களில் ஒருவர் கோல்ஃப் எழுத்தாளர் பெர்னார்ட் டார்வின், பரிணாமக் கொள்கை டார்வினின் பேரன். முதல் பரிசு மெக்கன்சிக்கு.

அவர் வரைந்ததில் டீயிலிருந்து, அதாவது முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து, கிரீனுக்குப் போக ஒரே வழி கிடையாது. பலசாலிக்கு நேர்வழி, ஆபத்தோடு. நடுத்தரமானவருக்குச் சற்றே சுற்றுவழி. பயந்தவருக்கு நீண்ட, பத்திரமான வழி. எந்த வழியில் போவது என்று ஆட்டக்காரர் தன்னையே எடைபோட்டு முடிவு செய்ய வேண்டும். அந்த வரைபடமே லிடோவின் 18ஆவது குழியாக எழுந்தது. லிடோ பிற்பாடு அழிந்துபோனது, அது தனிக்கதை.

அதே ஆண்டு முதல் உலகப்போர் வந்தது. மெக்கன்சி மறுபடியும் ராணுவ மருத்துவராகத்தான் சேர்ந்தார். பிறகு மருத்துவத்தை விட்டு, ராணுவப் பொறியாளர் படையில் உருமறைப்பு வேலைக்கு மாறினார். பதுங்குகுழியை எதிரியின் கண்ணுக்குப் படாமல் எப்படி வெட்டுவது என்று அதிகாரிகளுக்குக் காட்டிக் கொடுக்கும் வேலை. உயிரைக் காப்பாற்ற ஸ்டெதாஸ்கோப்பைவிட மண்வெட்டி உதவும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். போர் முடிந்தபின் அவர் கிளினிக்குக்குத் திரும்பவே இல்லை.

மறைப்பதும் காட்டுவதும்

1920இல் அவர் வெளியிட்ட சிறிய புத்தகத்தில் நல்ல மைதானத்துக்கான 13 விதிகள் இருக்கின்றன. பெரும்பாலானவை நடைமுறை சார்ந்தவை: ஒரு கிரீனிலிருந்து அடுத்த டீக்கு அதிகம் நடக்க வைக்காதே, மலையேற விடாதே, எந்த இரு குழியும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது, குளிர்காலத்திலும் கோடையிலும் ஒன்றுபோல ஆட முடிய வேண்டும். நடுவே ஒரு விதி மட்டும் வேறு ரகம். மனிதன் செய்த அமைப்பு எதுவும், புதிதாக வருகிறவரால் இயற்கையிலிருந்து பிரித்தறிய முடியாதபடி இருக்க வேண்டும் என்கிறது அது.

உருமறைப்பு ஆளின் வாக்குமூலம் என்று இதைப் படித்துவிட்டுப் போகலாம். நானும் முதலில் அப்படித்தான் படித்தேன். ஆனால் அதே பட்டியலில், கிரீனை நோக்கி அடிக்கும் அடி குருட்டடியாக இருக்கக் கூடாது என்றும், பந்தைத் தேடி அலையும் எரிச்சலே இருக்கக் கூடாது என்றும் சொல்கிறார். கண்ணுக்கு மறைப்பதையே தொழிலாகக் கற்றவர், ஆட்டக்காரருக்கு எல்லாம் தெரிய வேண்டும் என்கிறார். எப்படி?

அவர் மறைத்தது ஆபத்தையல்ல, மண்வெட்டியின் தடத்தை. கிரீனும் பங்கரும் கண்ணுக்கு முன்னால் இருக்கும். அவை வெட்டிப் போடப்பட்டவை என்பதுதான் தெரியாது. பதுங்குகுழி வெட்டுகிறவனுக்கு இது பால பாடம். இயற்கையில் நேர்கோடு அபூர்வம். வெட்டிய மண்ணைப் பக்கத்தில் குவித்து விட்டால் தூரத்திலிருந்தே காட்டிக் கொடுத்துவிடும். மேட்டின் சரிவு சுற்றியுள்ள நிலத்தோடு எங்கே கலந்தது என்று சொல்ல முடியாதபடி நீண்டு தணிய வேண்டும். இதையெல்லாம் அப்படியே மைதானத்துக்குக் கொண்டுவந்தார். அவருடைய பங்கர்களின் விளிம்பைப் பாருங்கள். ஒழுங்கான வட்டமே இருக்காது. புல் நாக்கு நாக்காக மணலுக்குள் நீளும், மணல் விரல் விரலாகப் புல்மேட்டில் ஏறும். மழைநீர் அரித்த கரை மாதிரி, அல்லது தண்ணீரில் விரியும் எண்ணெய்த் துளி மாதிரி.

அழகு அதில் பாதிதான். கண்ணை ஏமாற்றவும் அதே வித்தை உதவுகிறது. கிரீனுக்கு இருபது முப்பது கெஜம் முன்னாலேயே ஒரு பங்கரை வைத்து, அதன் மேல்விளிம்பு கிரீனின் முன்விளிம்போடு ஒட்டித் தெரியும்படி உயர்த்திவிட்டால், நடுவில் கிடக்கும் புல்தரை பார்வையிலிருந்து காணாமல் போய்விடும். பங்கருக்குப் பின்னால் உடனே கிரீன் என்று நினைத்து ஆட்டக்காரர் தூரத்தைத் தப்பாகக் கணிப்பார். எதையும் ஒளித்து வைக்கவில்லை, எல்லாம் கண்ணெதிரேதான் இருக்கிறது, இருந்தும் ஏமாந்தோம். முதல் தடவை எரிச்சல் வரலாம். பத்தாவது தடவை ஆடும்போதும் புதிதாகத் தோன்றுவதற்கு அதுவே காரணம்.

இன்னொரு விதியையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் ஆகஸ்டாவில் அது வருகிறது. புதிதாகக் கற்றுக்கொள்பவர் அடிகளை எண்ணிக்கொண்டே போய்ப் பெரிய எண்ணிக்கையில் முடித்தாலும், ஆடிய நேரம் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்கிறார். அந்தக் காலத்து நிபுணர்கள் பலர் மைதானத்தைத் தண்டனைக் கூடமாக நினைத்தவர்கள். தவறாக அடித்தாயா, அனுபவி என்பதே அவர்கள் நீதி. மெக்கன்சி டாக்டர், ஜனங்கள் வெளிக்காற்றில் நடந்து சந்தோஷமாக வீடு திரும்புவது உடம்புக்கு மருந்து என்று நிஜமாகவே நம்பினார்.

இந்த எண்ணங்களுக்கெல்லாம் பிறப்பிடம் என்று அவர் காட்டியது செயின்ட் ஆண்ட்ரூஸின் பழைய மைதானம். அதை அங்குலம் அங்குலமாக அளந்து அவர் 1924இல் வரைந்த வரைபடத்தை இன்றும் சட்டம் போட்டு மாட்டி வைக்கிறார்கள். யாரும் வடிவமைக்காத மைதானம் அது. யாரும் வடிவமைக்காதது போலவே வடிவமைக்க ஆசைப்பட்டவர் அங்கே போய் அளவெடுத்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

ஆயிரம் கினிக்கு வந்த விருந்தாளி

இந்த ஆய்வின் நடுப்பகுதி ஆஸ்திரேலியா. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

மெல்போர்னின் ராயல் மெல்போர்ன் கிளப்புக்குப் புது மைதானம் வேண்டியிருந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸில் இருக்கும் தலைமை அமைப்பிடம் யாரை அழைக்கலாம் என்று கேட்டார்கள். மெக்கன்சி பெயர் வந்தது. கூலி 1,000 கினி. ஒரு கினி என்றால் ஒரு பவுண்டும் ஒரு ஷில்லிங்கும். அந்தக் காலத்துக்குப் பெருந்தொகை. கிளப்காரர்கள் கெட்டிக்காரர்கள். டாக்டர் இங்கே இருக்கும்போது மற்ற கிளப்புகளும் அவரை அழைத்துக்கொள்ளலாம், வரும் கட்டணத்தில் எங்களுக்கு ஒரு பங்கு என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். செலவில் ஒரு பகுதி அப்படியே திரும்பி வந்தது.

1926 அக்டோபர் கடைசியில் மெல்போர்ன் வந்தார். அடிலெய்டு, சிட்னி, பிரிஸ்பேன் என்று ஒரு சுற்று, அப்புறம் நியூசிலாந்து. எல்லாம் சேர்த்துச் சில மாதம் மட்டுமே. கிங்ஸ்டன் ஹீத் என்ற மைதானத்தில் அவர் செய்தது, ஏற்கெனவே இருந்த தடத்துக்குப் பங்கர்கள் அமைத்துக் கொடுத்ததும், 15ஆவது குழியை மேட்டை நோக்கி ஒரே அடியில் அடிக்கும் குழியாக மாற்றச் சொன்னதும்தான். இன்று அந்த நாட்டின் பேர்போன குழிகளில் அதுவும் ஒன்று. சில நாள் வேலை!

சரி, இவ்வளவு குறுகிய காலத்தில் எப்படி? ஊரில் இரண்டு ஆட்களை அவர் பிடித்துக்கொண்டதுதான் சூட்சுமம். ஒருவர் அலெக்ஸ் ரசல், 1924இல் ஆஸ்திரேலிய ஓப்பன் வென்ற ஆட்டக்காரர், பொறியியலும் தெரிந்தவர். அவரைத் தன் பங்காளி ஆக்கிக்கொண்டார். மற்றவர் மிக் மார்கம், ராயல் மெல்போர்னின் புல்தரைப் பராமரிப்பாளர். மெக்கன்சி மண்ணில் நடந்து காட்டிச் சொல்லிக் கொடுத்ததை மார்கம் குதிரை இழுக்கும் மண்வாரிகளை வைத்து வெட்டினார். அந்தப் பகுதியின் மணல் கலந்த மண் இறுகி நிற்கக்கூடியது. அதனால் பங்கரின் சுவரைக் கிரீனின் விளிம்புவரை செங்குத்தாக, கத்தியால் அறுத்ததுபோல் வெட்ட முடிந்தது. பந்து கிரீனின் ஓரத்தில் கொஞ்சம் தயங்கினால் போதும், வழுக்கி உள்ளே போய்விடும்.

மெக்கன்சி கப்பல் ஏறிய பிறகுதான் உண்மையான கட்டுமானம் நடந்தது. மேற்கு மைதானம் 1931இல் திறந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. ஆஸ்திரேலியாவுக்குத் திரும்ப வரவும் இல்லை. ரசல் அதற்குள் வித்தையைக் கற்றுக்கொண்டு, பக்கத்திலேயே கிழக்கு மைதானத்தைத் தானே அமைத்து 1932இல் திறந்தார். இரண்டிலிருந்தும் குழிகளைப் பொறுக்கிச் சேர்த்த கலப்பு மைதானத்தில்தான் இன்று பெரிய போட்டிகள் நடக்கின்றன. எது குரு போட்டது, எது சீடன் போட்டது என்று பார்த்ததும் சொல்லிவிடுவது சாதாரண ஆளுக்குக் கஷ்டம்.

இதில் இரண்டு பக்கம் உண்டு. அவருடைய வடிவமைப்பு ஒரு கையெழுத்தாக இருந்திருந்தால் அவர் இல்லாமல் யாரும் எழுதியிருக்க முடியாது. அவர் கற்றுக் கொடுத்தது ஒரு பார்வையை, அதனால் மற்றவர் கையும் அதைச் செய்தது. மறுபக்கம், புகழை எப்படிப் பிரிப்பது என்ற தகராறு. மார்கம் என்ற பெயர் உலகில் எத்தனை பேருக்குத் தெரியும்? பலகையில் இருப்பது டாக்டர் பெயர். அந்தப் பங்கர்கள் அவ்வளவு நன்றாக வந்ததற்குப் பாதிக் காரணம் மார்கமின் கை என்பது என் அபிப்பிராயம். அவரைச் சும்மா வேலையாள் என்று எழுதிப்போவது நியாயமில்லை.

கடலுக்கு மேலே ஓர் அடி

அமெரிக்காவிலும் அவர் அதே வழியில்தான் போனார். கலிஃபோர்னியாவில் ராபர்ட் ஹன்ட்டர், மத்திய மேற்கில் பெர்ரி மேக்ஸ்வெல் என்று பகுதிக்கு ஒரு பங்காளி. ஆனால் அவர் பெரிதும் கடன்பட்டது மேரியன் ஹாலின்ஸ் என்ற பெண்ணுக்கு. 1921இல் அமெரிக்க மகளிர் அமெச்சூர் பட்டம் வென்றவர், மான்டரே தீபகற்பத்தில் சைப்ரஸ் பாயின்ட் மைதானத்தை உருவாக்கும் பொறுப்பில் இருந்தவர். அதற்கு முதலில் அமர்த்தப்பட்ட சேத் ரெய்னர் 1926 ஜனவரியில் திடீரென்று இறந்துவிட, வேலை மெக்கன்சிக்கு வந்தது.

அங்கே 16ஆவது குழி இருக்கும் இடம் பாறைக் கரை. டீக்கும் கிரீனுக்கும் நடுவே பசிபிக் பெருங்கடல் உள்ளே புகுந்து அலையடிக்கிறது. இருநூறு கெஜத்துக்கு மேல் கடலைத் தாண்டி அடிக்க வேண்டும். இது குழியாகத் தேறாது, தூரம் அதிகம் என்று ரெய்னர் கைவிட்டிருந்தார். ஹாலின்ஸ் ஒரு பந்தை வைத்து அடித்தார். அது கிரீன் வரவேண்டிய இடத்தின் நடுவில் போய் விழுந்தது. வாதம் அதோடு முடிந்தது. மெக்கன்சி பிறகு இதை எழுதும்போது, அந்தக் குழிக்கான பெருமை ஹாலின்ஸுக்கே, சில்லறை வேலைகள் தவிர எனக்கு அதில் பங்கில்லை என்று ஒப்புக்கொண்டார். தற்பெருமைக்குக் குறைவில்லாத மனிதர் இதை எழுதியது குறிப்பிட வேண்டிய விஷயம். அந்தக் குழியிலும் இடது பக்கம் கடலை ஒட்டிய நிலத்தில் இறங்கிப் போகும் பத்திரமான வழி உண்டு. லிடோ வரைபடத்தின் அதே சிந்தனை.

சைப்ரஸ் பாயின்ட் 1928இல் திறந்தது. அடுத்த ஆண்டு பக்கத்து பெபிள் பீச்சில் நடந்த அமெரிக்க அமெச்சூர் போட்டியில் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரரான பாபி ஜோன்ஸ், ஜானி குட்மன் என்ற இளைஞரிடம் முதல் சுற்றிலேயே தோற்றார். ஊருக்கு வந்தாயிற்று, நேரம் இருக்கிறது. சைப்ரஸ் பாயின்ட்டில் ஆடினார். செப்டம்பர் 8 அன்று ஹாலின்ஸின் சொந்தத் திட்டமான பாசட்டியெம்போவின் திறப்பு ஆட்டத்திலும் கலந்துகொண்டார். ஜோன்ஸ் 1921இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் பாதி ஆட்டத்தில் பந்தை எடுத்துக்கொண்டு வெளியேறி, பிற்பாடு அதே மைதானத்தின்மேல் பித்துப் பிடித்தவர். அதே பித்து மெக்கன்சிக்கும் உண்டு. பேச்சு ஒத்துப்போனது. அன்று குட்மன் தோற்றிருந்தால் ஆகஸ்டாவுக்கு வேறொருவர் பெயர் வந்திருக்குமோ என்னவோ.

ஆகஸ்டா: 10,000, 5,000, 2,000

1930இல் நான்கு பெரிய பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்றுவிட்டு ஜோன்ஸ் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார். பின்னால் டாக்டரின் கடிதம் போய்ச் சேர்ந்த அந்த ராபர்ட்ஸுடன் சேர்ந்து, ஜார்ஜியா மாநிலம் ஆகஸ்டாவில் ஒரு பழைய நாற்றுப் பண்ணையின் 365 ஏக்கரை வாங்கினார். வடிவமைக்க மெக்கன்சியை அழைத்தார். 1931 ஜூலையில் டாக்டர் நிலத்தைப் பார்க்க வந்தார். கட்டும்போது ஜோன்ஸ் அங்கங்கே நின்று பந்தடித்துக் காட்டினார். பந்து போய் விழும் இடத்தைப் பார்த்து கிரீனின் வாட்டத்தை முடிவு செய்தார்கள்.

இருபத்தைந்து ஆண்டாகச் சொல்லிவந்ததெல்லாம் அங்கே ஒன்று சேர்ந்தது. மைதானம் முழுவதற்கும் சுமார் 22 பங்கர்கள்தான். இன்று ஏறக்குறைய இரண்டு மடங்கு. பந்தை விழுங்கும் நீளப்புல் கிடையாது. புல்வெளிகள் விசாலம். சுமாரான ஆட்டக்காரர் உருட்டிக்கொண்டே போய்ச் சேரலாம். கெட்டிக்காரருக்குத்தான் சோதனை: குழி இருக்கும் மூலையைப் பொறுத்து, எந்தப் பக்கத்திலிருந்து அணுகினால் கிரீனின் வாட்டம் உதவும் என்று யோசிக்க வேண்டும். பங்கர் குறைந்தால் பராமரிப்புச் செலவும் குறையும். பஞ்ச காலத்தில் அது சின்ன விஷயமல்ல.

பஞ்சம் என்றால் பெரும் பொருளாதார வீழ்ச்சி. 1,800 உறுப்பினர்களைச் சேர்ப்பது திட்டம். முதல் போட்டி நடந்த 1934இல் இருந்தவர்கள் 76. டாக்டருக்குப் பேசிய கூலி 10,000 டாலர். நிலைமையைப் பார்த்து அவரே 5,000க்கு இறங்கினார். கையில் வந்தது 2,000. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்று நம் ஊரில் சொல்வார்கள்.

ராபர்ட்ஸ் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று சொல்ல நான் தயாரில்லை. கிளப்பே மூழ்கும் நிலையில்தான் இருந்தது. ஆனால் தொழிலின் அமைப்பிலேயே ஒரு கோளாறு இருந்தது. வடிவமைப்பாளர் எப்போதும் அடுத்த கப்பலில், அடுத்த ரயிலில் இருந்தார். அவர் விட்டுப்போன வேலை அவர் இல்லாமலேயே முடிந்தது. வேலை நிற்காதபோது கூலியை நிறுத்தி வைப்பது சுலபம். கொத்தனார் என்றால் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு வாசலில் உட்காரலாம். கண்பார்வையை விற்றவர் எதைக் கீழே போடுவது?

1932 வசந்தத்துக்குப் பிறகு அவர் ஆகஸ்டாவுக்குப் போகவில்லை. அந்த மே மாதம்தான் புல் நடப்பட்டது. தான் போக முடியாத சமயத்தில் ஹாலின்ஸைப் பார்த்துவர அனுப்பினார். ஹாலின்ஸின் கணிப்பை நம்பலாம் என்று ராபர்ட்ஸுக்கு எழுதினார். அடுத்த ஆண்டு, அத்தனை நெருக்கடிக்கு நடுவிலும், தன் கருத்துகளையெல்லாம் தொகுத்து ஒரு புத்தகம் எழுதி முடித்தார். அச்சிட ஆள் கிடைக்கவில்லை. கையெழுத்துப் பிரதி குடும்பத்தாரிடம் கிடந்து, 1995இல்தான் வெளிவந்தது.

1934 ஜனவரி 6 அன்று பாசட்டியெம்போ வீட்டில் இறந்தார். சாம்பலை விமானத்திலிருந்து அந்த மைதானத்தின்மேல் தூவினார்கள். மார்ச் 22 அன்று ஆகஸ்டாவில் முதல் போட்டி தொடங்கியது.

பத்தாவது குழி

அப்புறம் நடந்தது எல்லா மைதானத்திலும் நடப்பதுதான். முதல் போட்டி முடிந்ததும் முன் ஒன்பது குழிகளையும் பின் ஒன்பதையும் இடம் மாற்றினார்கள். 1947இல் ராபர்ட் டிரென்ட் ஜோன்ஸ் என்ற வடிவமைப்பாளர் (பாபி ஜோன்ஸ் அல்ல) 16ஆவது குழியை அடியோடு மாற்றிக் குளம் வைத்தார். பங்கர்கள் கூடின, கிரீன்கள் திருத்தப்பட்டன. இன்றைய ஆகஸ்டாவில் மெக்கன்சி எவ்வளவு என்று கேட்டால், தடம் அவருடையது, தோல் வேறு.

ஒரு துண்டு மட்டும் மிச்சம் இருக்கிறது. பத்தாவது குழியில் கிரீன் முதலில் பள்ளத்தில் இருந்தது. மழை பெய்தால் தண்ணீர் தேங்கும். 1937இல் டாக்டரின் பழைய பங்காளி பெர்ரி மேக்ஸ்வெல் அதைப் பின்னால் மேட்டுக்கு நகர்த்தினார். கிரீனை ஒட்டி மெக்கன்சி போட்டிருந்த பெரிய பங்கரை மூடவில்லை. கிரீன் போன பிறகு அது புல்வெளியின் நடுவில் தனியாக நின்றுவிட்டது, விரல் விரலாக நீண்ட விளிம்போடு, வெள்ளை மணலோடு. இன்றைய ஆட்டக்காரர்கள் அடிக்கிற தூரத்துக்கு அதில் பந்து விழுவது அபூர்வம். ஏப்ரலில் ஒளிபரப்பைப் பார்த்தால், மலையிலிருந்து இறங்கி வரும் ஆட்டக்காரர்கள் அதைச் சுற்றிக்கொண்டு நடந்து போவது தெரியும்.